வேர் பட்டினி கிடந்த வருஷம்

மார்க்கெட் தெருவில் அக்கா வருவதைப் பார்த்துவிட்டால் மளிகைக் கடைக்காரர்கள் மூட்டையின் வாயைச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். அக்காவின் இடுப்பில் எப்போதும் ஒரு பாக்குவெட்டி செருகியிருக்கும். மொச்சை வாங்கப் போனால் முதலில் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வாள். மற்ற சாமான்களை விசாரித்து முடிப்பதற்குள் அதன் தோல் எச்சிலில் இளகிவிடும். வெளியே எடுத்து, பாக்குவெட்டி நுனியால் தோலைக் கீறி, இரண்டு பருப்பாகப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பாள். பருப்பின் ஓரத்தில் ஒரு குட்டிச் செடி மடங்கிப் படுத்திருக்கும். மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது வேர். சுருங்கிய காது மாதிரி இருப்பவை இலைகள். மற்றதெல்லாம் அந்தக் குட்டிக்கு அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு என்பாள்.

"இது செத்துப்போச்சுண்ணே. உள்ளே பழுப்பா இருக்கு பாருங்க. குழம்புக்கு ஆகும், விதைக்கு ஆகாது. விதை வெலை சொல்லாதீங்க."

"அக்கா, நீங்க வெத்தலைக் கடை வச்சது தப்புலா. பெரியாஸ்பத்திரியில புண்ணு அறுத்துக் கட்டுப் போடுற டிரஸ்ஸர் வேலைக்குப் போயிருக்கணும். எதைக் கண்டாலும் அறுக்குறீங்க."

"அறுத்தாத்தானே தெரியுது? ஒங்க மூட்டை வெளியில பாத்தா மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கு."

கடையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே நல்ல மூட்டையை அவிழ்ப்பார்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. எங்கள் வரிசையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவள் எல்லாருக்கும் அக்கா. பினாங்கில் டத்தோ கிராமட் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாட்டுக் கொட்டகையும் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுமாக எங்கள் வரிசை இருந்தது. நாங்கள் பால்காரர்கள். காலையில் பால் கறந்து ஜார்ஜ் டவுனுக்குள் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தால், பிறகு புல், பிண்ணாக்கு, சாணி. வரிசையின் வாசலில் அக்காவின் வெற்றிலைக் கடை. கடை என்றால் ஒரு பலகை, அதன்மேல் ஈரச்சாக்கு, அவ்வளவுதான். அவள் புருஷன் பட்டர்வொர்த் போய்வரும் ஃபெரிக் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளுகிறவர், பேசவே மாட்டார். இவள் அவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பயந்த சுபாவம். மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் ராத்திரி முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். மழை பெய்தால் கூரை விழும் என்று பயப்படுவேன். பெய்யாவிட்டால் கிணறு வற்றிவிடும் என்று பயப்படுவேன். வரிசையில் எனக்கு 'சூசா' என்றே பெயர். மலாயில் அதற்குத் தொந்தரவு, கஷ்டம் என்று அர்த்தம். "சூசா வர்றான்டா, இன்னைக்கு என்ன இடியப்போகுதோ" என்பார்கள். இவ்வளவு வயசுக்கும் என்னிடம் எத்தனையோ பேர் "பயப்படாதே" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லால் எனக்கு ஒரு நாளும் பயம் போனதில்லை. சொன்னவர் திரும்பிப் போனதும் அது முன்னைவிடப் பெரிதாகி உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாத ஒரே ஆள் அக்காதான். நான் போய் நின்றால் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "எது? காட்டு" என்பாள்.

கல்யாணம் ஆன புதிதில் என் மனைவி வீட்டுப் பின்னால் பரங்கிக் கொடி போட்டிருந்தாள். கொடி தளதளவென்று ஓடியது. பூவும் பூத்தது. ஆனால் ஒரு பிஞ்சு நிற்கவில்லை, எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வரிசையில் பேச்சு எழுந்தது. எனக்கு அது போதாதா? செய்வினை பரங்கியோடு நிற்குமா, மாட்டுக்கு வருமா, மனைவிக்கு வருமா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவிடம் போனேன்.

"காட்டு" என்றாள்.

காலை வெயில் ஏறுவதற்குள் வந்தாள். இரண்டு பூவைப் பறித்து, பாக்குவெட்டியால் நெடுக வகிர்ந்து, என் மனைவியின் முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது ஆம்பளப் பூ. நடுவுல திரி மாதிரி நிக்குதா? தொட்டுப் பாரு, மஞ்சப் பொடி ஒட்டும். இது பொம்பளப் பூ. பூவுக்குக் கீழேயே குட்டிப் பரங்கி, பாத்தியா? அதுக்குள்ளே பாரு, வெதைக்கெல்லாம் இப்பவே பாய் விரிச்சு வச்சிருக்கு. இந்தப் பொடி போய் அந்தத் தலையில ஒக்காரணும். இல்லேன்னா இந்தக் குட்டி வாடி விழுந்துரும்."

"பொடி எப்படிக்கா போகும்?" என்றாள் மனைவி.

"தேனீ கொண்டுபோகும். விடியக்காலையில மழை ஊத்துதே, தேனீ எங்கேருந்து வரும்? பொடியும் கரைஞ்சுபோச்சு. செய்வினை வச்சது மேகந்தான். போய்ச் சண்டை போடு."

ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துத் தள்ளிவிட்டு, அந்தத் திரியைப் பெண்பூவின் தலையில் தடவிக் காட்டினாள். "தினம் காலையில நீ இதைப் பண்ணு" என்று என்னிடம் கொடுத்தாள். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "தம்பி, இனிமே நீதான் தரகர். வரிசையில எல்லாப் பரங்கிக்கும் கல்யாணம் பண்ணி வை" என்றாள் அக்கா. அந்த வருஷம் பரங்கிக்காயை வைக்க இடமில்லாமல் மாட்டுக்கும் நறுக்கிப் போட்டோம்.

அவளை எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்லிவிட முடியாது. விசேஷ வீட்டில் வாழைப்பூ மடலைப் பிரித்துப் பிரித்து எல்லார் முன்னாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டுவாள். அர்ச்சனைக்கு உடைத்த தேங்காய் மூடியை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, முளைக்குருத்து எந்தக் கண்ணின் கீழே இருக்கிறதென்று தேடுவாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டாள் என்று ஒரு கதையும் உண்டு. கேட்டதற்கு, "கனம் கம்மியா இருந்துச்சு, சாறு இல்லேன்னு சந்தேகம்" என்றாளாம்.

இந்தக் குணத்தால் அவளுக்கே நஷ்டமும் வந்தது. ஒருமுறை நல்ல மாங்கொட்டை ஒன்று கிடைத்து அதை மண்ணில் புதைத்தாள். மறுநாள் தோண்டிப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடி தோண்டினாள். வேர் முனை வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். குழந்தையின் பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. அடுத்த தடவை தோண்டியபோது அந்த முனை முறிந்து அழுகியிருந்தது. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "பாத்துப் பாத்தே கொன்னுட்டேன்டா தம்பி" என்றாள். அதற்குப் பிறகு அவள் கொட்டையெதுவும் புதைத்து நான் பார்க்கவில்லை.

இனி வேப்பமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவை நினைத்தால் அந்த மரம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

எங்கள் வரிசையின் நடுவில் அது நின்றது. பினாங்கில் வேப்பமரம் லேசில் கிடைக்காது. மழை ஊர் அதற்குப் பிடிப்பதில்லை. யாரோ இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த விதை என்றார்கள். எங்களுக்கு அதில் அம்மன். இடத்துக்குச் சொந்தக்காரி ஒரு நோன்யா, சீனத்துப் பாட்டி, மலாய்தான் பேசுவாள். அவளுக்கு அதே மரத்தில் டத்தோ. மரத்தில் குடியிருக்கும் பெரியவர் என்று நம்பி, ஆண்டுக்கு ஒருமுறை வந்து வேரடியில் ஊதுவத்தி கொளுத்துவாள். மரம் நிற்கும்வரை டத்தோ இருப்பார், டத்தோ இருக்கும்வரை யாரையும் இடத்தைவிட்டு எழுப்பமாட்டேன் என்பது அவள் வாய்வார்த்தை. எங்களிடம் அதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அந்தச் சமயம் மோட்டார் பட்டறை வைக்க இடம் தேடி ஒருவர் அவளிடம் நடையாக நடந்துகொண்டிருந்தார்.

ஒரு வருஷம் குளிர்க்காய்ச்சல் வரிசை முழுக்கப் படுத்திவைத்தது. வேப்பம்பட்டைக் கஷாயம்தான் மருந்து. பட்டை எடுப்பதற்கு எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஒருவர் எடுத்த இடத்தில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. பட்ட காயத்தில் மறுபடி வெட்டினால் அம்மனுக்கு நோகும். மேலே நெஞ்சளவில் மஞ்சள் துணி கட்டியிருக்கும், அங்கே வெட்டக்கூடாது. கீழே வேரடி, கால்படும் இடம், அங்கேயும் கூடாது. ஆகவே எல்லாரும் இடுப்புக்குச் சற்றுக் கீழேதான் எடுத்தார்கள். விழுந்து கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, முன்பு எடுத்தவர் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையகலம். அடுத்த வீட்டார் அதற்குப் பக்கத்தில். எங்கள் வீட்டுக்கும் ஒரு துண்டு வந்தது. காய்ச்சல் தணிந்ததும் அந்தக் காயமெல்லாம் தெரியக்கூடாதென்று பூசாரி, தானும் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மஞ்சள் துணியை அகலமாகக் கொண்டுவந்து கீழ்வரை சுற்றிக் கட்டினார். அவரும் எங்களைப் போல மாடு வைத்திருப்பவர்தான், வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி.

அதற்கடுத்துத்தான் அதிசயம் நடந்தது. அந்த மரம் அதுவரை பூக்காத அளவுக்குப் பூத்தது. இலை தெரியாமல் வெள்ளை. வரிசை முழுக்கத் தேன் வாசனை. பூசாரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஆத்தா மனசு குளுந்துட்டா. நாம பட்டை எடுத்ததைத் தாயி தப்பா நினைக்கல" என்றார். பொங்கல் வைத்தார்கள்.

எனக்கு மட்டும் அந்தப் பூ பிடிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை என் பசு ஒன்று சாகப்போகும் முன் அப்படித்தான் திடீரென்று பால் கொட்டியது. அது நினைவுக்கு வந்தது. துணிக்குள்ளே இடுப்பளவில் மரம் புடைத்துக்கொண்டு வருகிற மாதிரியும் தோன்றியது. பூசாரியிடம் சொன்னேன்.

"டேய் சூசா, பூத்தாலும் பயமா ஒனக்கு? காய்ச்சா என்ன பண்ணுவ, ஊரைக் காலி பண்ணுவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வெற்றிலைக் கடைக்குப் போனேன். அக்கா "எது?" என்றுகூடக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். மரத்தைச் சுற்றி வந்தாள். துணியோடு சேர்த்துப் புடைப்பை விரலால் தடவினாள். பிறகு துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

"கையை எடு தங்கச்சி" என்றார் பூசாரி.

"அண்ணே, உள்ளே பாக்கணும்."

"ஒன் வீட்டு மொச்சை இல்ல இது. அம்மன் கட்டியிருக்கிற துணி. பொம்பளைப் புள்ள நீ, ஒனக்கே தெரியணும். ஒருத்தர் துணிய ஊர் பாக்க அவுக்கலாமா?"

"துணிக்குள்ள புண்ணு இருந்தா? பொத்தி வச்சா ஆறுமா?"

"அவுக்க விடமாட்டேன்லா. என்னைத் தாண்டிப் போ."

கூட்டம் கூடிவிட்டது. அக்கா சண்டைக்காரி என்று எல்லாருக்கும் தெரியும், பாக்குவெட்டி வேறு இடுப்பில் இருக்கிறது. ஆனால் அவள் சத்தம் போடவில்லை. குரலை இறக்கிச் சொன்னாள்:

"சரி. நீங்கதானே அவளுக்குத் துணி மாத்துற ஆளு. நீங்களே அவுருங்க. நாங்க எல்லாரும் திரும்பி நிக்கிறோம். கையை வச்சு மரத்தைச் சுத்தித் தடவுங்க. எங்கேயாவது ஒரு விரக்கடை தோலு தட்டுப்பட்டா, திரும்பக் கட்டிட்டுச் சொல்லுங்க. நான் என் கடைக்குப் போறேன், அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

பூசாரி மரத்தின் பக்கம் திரும்பினார். ஆணும் பெண்ணுமாக வரிசை முழுவதும் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றோம். பின்னால் முடிச்சு அவிழும் சத்தம் கேட்டது. துணி சரிந்தது.  எவ்வளவு நேரமோ, மாடு அசைபோடுவதுதான் கேட்டது. பிறகு பூசாரியின் குரல், அவர் குரல் மாதிரியே இல்லை.

"தங்கச்சி... திரும்பிப் பாரு."

ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம்கூடத் தோல் இல்லை. ஒவ்வொரு வீடும் மரியாதையாகப் பக்கத்தில் பக்கத்தில் எடுத்த கையகலங்கள் எல்லாம் சேர்ந்து, மரத்தைச் சுற்றி ஒரு வளையமாக முடிந்திருந்தன. கட்டை காய்ந்து எலும்பாகத் தெரிந்தது.

"இலை பச்சையாத்தானே இருக்கு?" என்றார் பூசாரி. கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"தண்ணி உள்கட்டை வழியா ஏறுதுண்ணே. அதுக்கு இன்னும் வழி இருக்கு. அதான் பச்சை. ஆனா இலை ஆக்குற சோறு தோலு வழியாத்தான் கீழே எறங்கணும். தோலு இல்ல. சோறு மேலேயே தங்கிப்போச்சு. அதான் புடைச்சிருக்கு, அதான் பூத்துத் தள்ளிருச்சு. வேரு பட்டினி. பட்டினி கிடந்துக்கிட்டே மேல தண்ணி அனுப்பிட்டிருக்கு. கையில இருக்கிறது தீர்ந்தா நிறுத்திரும்."

அக்காவின் அப்பா சேலத்துப் பக்கம் மாந்தோப்பில் ஒட்டுக் கட்டுகிறவராம். காய்க்காத கிளைக்கு மோதிரம் மாதிரி சுற்றித் தோலை உரித்துவிடுவாராம், அது பூக்கும். கிளையோடு போனால் பரவாயில்லை, அடிமரத்துக்கு மோதிரம் போட்டால் மரம் போய்விடும் என்று அன்றுதான் சொன்னாள்.

மாட்டுக் கொட்டகை ஓரங்களில் முந்தின வருஷத்து வேப்பங்கன்றுகள் தாமாக முளைத்து நெஞ்சளவு நின்றன. அந்த மரத்தின் விதைதான் எல்லாம். அவற்றில் நல்லதாகச் சிலவற்றை வேர் மண்ணோடு பெயர்த்து, தாய்மரத்தை ஒட்டிச் சுற்றிலும் நட்டோம். அவை பிழைத்து நிற்கட்டும் என்று காத்திருந்தோம். நின்றதும் அக்கா வேலையைத் தொடங்கினாள். வளையத்துக்கு மேலே தாய்மரத்தின் பட்டையில் ஒரு கீறல். கன்றின் ஒரு பக்கத்தை மெலிதாகச் சீவி, அந்தக் கீறலுக்குள் பொருத்தி, தோலும் தோலும் தொடும்படி அழுத்திப் பிடித்தாள். நான் வாழைநாரால் கட்டினேன். பூசாரி சாணியும் களிமண்ணும் பிசைந்து பூசினார்.

"பழைய வேருக்குச் சோறு போகாது. அதனால புது வேரைக் கொண்டாந்து கட்டுறோம்" என்றாள். "ஒட்டுனா, இதுங்க தண்ணியை மேலே கொடுக்கும், அது சோத்தைக் கீழே கொடுக்கும். ஆனா ஒண்ணு. ஒட்டுறவரைக்கும் யாரும் அவுத்துப் பாக்கக்கூடாது. அசைஞ்சா போச்சு."

சொல்லிவிட்டு அவளே ஒரு மாதிரி ஆகிவிட்டாள். இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை உருவி என் கையில் வைத்தாள். "இது ஒன் வீட்டுல இருக்கட்டும். என் கை சும்மா இருக்காது" என்றாள். அன்றிலிருந்து அவள் கடையில் பாக்கு வாங்குபவர்கள் முழுப் பாக்காக வாங்கிப் போக வேண்டியிருந்தது.

பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. பூவெல்லாம் கொட்டியது, அதைத் தொடர்ந்து இலையும் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. கட்டிய கன்றுகளில் இரண்டு காய்ந்தன. துணியை அவிழ்த்ததால்தான் அம்மன் போய்விட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. பூசாரி அவள் பக்கம் நின்றார், ஆனால் அவருக்கும் முகம் சரியில்லை. செய்தி நோன்யா காதுக்குப் போய், ஒரு நாள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். கொட்டிக்கிடந்த இலையைப் பார்த்தாள். முதலில் மலாயில் ஒரு வார்த்தை சொன்னாள். டத்தோ கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சீனப் புது வருஷம் முடிந்ததும் வந்து பார்ப்பேன், மரம் போயிருந்தால் இடத்தைப் பட்டறைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, துக்க வீட்டில் பேசுகிற மாதிரிதான் சொன்னாள். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். மாட்டை எங்கே கட்டுவது, அவளை எங்கே படுக்க வைப்பது என்று நான் இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.

அக்கா மதியம் ஆனதும் வந்து மரத்தடியில் உட்காருவாள். மரத்தைப் பார்க்க மாட்டாள், முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். வெற்றிலைக் காம்பைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அவள் கை தானாகப் பின்னால் போய் மண்பூச்சைத் தொட்டதைப் பார்த்தேன். சுட்டது மாதிரி இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, ஒனக்கு என்ன தோணுது? ஒட்டியிருக்குமா?"

அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் நெஞ்சுக்குள் எல்லாப் பயமும் வரிசையாக நின்றது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"ஒட்டியிருக்கும்க்கா."

"எப்படித் தெரியும்? பாத்தியா?"

"பாக்கல. பாக்காமத்தான் சொல்றேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவளிடம் அப்படிச் சொன்னேனே தவிர, நான் தினமும் போய்க் கட்டுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தொடாமல். ஒரு நாள் காலையில் பால் கறந்துவிட்டு வந்து பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழக்குப் பக்கத்துக் கன்றில் மண்பூச்சு வெடித்து உதிர்ந்து, உள்ளே நார் தோலுக்குள் அழுந்திப்போயிருந்தது. கழுத்தில் சுருக்குப் போட்ட மாதிரி, நாருக்கு மேலும் கீழும் தண்டு பிதுங்கியிருந்தது. நான்தான் கட்டினேன், இறுக்கிக் கட்டிவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று ஒரே ஓட்டமாகக் கடைக்கு ஓடினேன்.

"அக்கா! நாரு கழுத்தை நெரிக்குது! கன்னு சாகப்போகுது! சீக்கிரம் வாங்க!"

வெற்றிலை ஒரு பக்கம், ஈரச்சாக்கு ஒரு பக்கம். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். குனிந்து பார்த்தாள். அடுத்த கன்றைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். பிறகு அந்தச் சாணித் தரையிலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பூசாரி ஓடிவந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் ஓட.

"அடப்பாவி, நெரிக்கல்லடா. கட்டுனப்போ அந்த நாருக்குள்ளே என் சுண்டுவிரல் போச்சு. இப்போ ஊசி போகாது. நாரு சின்னதாச்சா? கன்னு பெருத்துருச்சுடா! மேலேருந்து சோறு எறங்குது. தின்னு கொழுத்துப்போய் நிக்குது பாரு, தின்னு கொழுத்துப்போய்!"

"நிசமாவா?" என்றார் பூசாரி.

"ஒட்டலேன்னா எப்படிப் பெருக்கும்? போ, தம்பி, என் பாக்குவெட்டியை எடுத்துட்டு வா. இப்போ நாரை அறுக்கலாம்." என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "நல்லவேளை பயந்தே. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா நெசமாவே நெரிச்சிருக்கும்."

நாரை அறுத்தோம். தோலும் தோலும் பிரிக்க முடியாமல் ஒன்றாகியிருந்தன. அக்கா அதை வெட்டிப் பார்க்கவில்லை. கன்னத்தை ஒரு தடவை வைத்துப் பார்த்தாள்.

புது வருஷம் கழிந்து நோன்யா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கியபோது மரத்தின் உச்சியில் செம்புநிறக் கொழுந்து துளிர்த்திருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. அடிமரத்தைச் சுற்றி, மண்ணிலிருந்து கிளம்பி மரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்த கன்றுகளைத்தான் பார்த்தாள். தடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தாள்.  திடீரென்று பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். டத்தோவுக்கு இத்தனை கால் முளைத்துவிட்டதே, இனி அவர் எங்கே எழுந்து போகப்போகிறார் என்று மலாயில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஊதுவத்தி கொளுத்தினாள். பட்டறைக்காரரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாள்.

வரிசையில் ஒரே ஆரவாரம். பூசாரி தேங்காய் உடைத்தார். அக்கா கடைக்குத் திரும்பி, பலகையில் சாக்கை விரித்து, வெற்றிலையை அடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து நான் போய் அவள் முன்னால் நின்றேன். இவ்வளவு சந்தோஷத்திலும் எனக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பிரசவ மாதம் நெருங்குகிறது, மனைவிக்குக் கால் வீங்கியிருக்கிறது, இரவில் குழந்தை அசையவில்லை என்கிறாள். நல்ல நாளில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வெற்றிலைக் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வா, போய் அவளைப் பாப்போம்" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.